உயிர்வாழ் சான்று

குன்னூர் இ-சேவை மையத்தில்
பத்து விரலையும் வாங்கிப் பார்த்தது இயந்திரம்.
ஒன்றையும் நம்பவில்லை.
"கொழுந்து பறிச்சே ரேகை தேஞ்சிருச்சுக்கா" என்றாள்
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.
"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு
கோயம்புத்தூர்லதான் போய்க் காட்டணும்,
அப்பத்தான் அவரு பென்ஷன் வரும்."

சிரித்துவிட்டேன்.
ஐந்து மாதமாக நானும் அதைத்தான்
யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்தேன்.

டிசம்பரில், புல்லின் மேல்
உப்புப் பூத்ததுபோல் உறைபனி கிடந்த காலை,
ரோலிங் மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு
கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தார் ஞானப்பிரகாசம்.
அவ்வளவுதான்.

காலம் ஆற்றும் என்றார் போதகர்.
கை ஓடினால் மனசும் ஓடும், வேலைக்கு வா என்றாள்
மேஸ்திரி புவனாம்பாள்.
கை ஓடியது.
மனசு மிஷின் பக்கத்திலேயே
உட்கார்ந்துகொண்டது.

மலை இறங்கினால் எனக்கு வாந்தி.
கல்யாணமாகி ஏறி வந்த நாளிலிருந்தே அப்படி.
அவர் சட்டைப்பையில் எலுமிச்சை இருக்கும்.
பிளாஸ்டிக் தடையான இந்த மலையில்
எனக்கென்று ஒரு கவரை ஒளித்து மடித்து வைத்திருப்பார்.
"செக்போஸ்ட்டில் பிடித்தால்
பொண்டாட்டியைக் காட்டிக்கொடுத்துவிடுவேன்" என்பார்.
வளைவுகளை வாயால் எண்ணமாட்டார்.
என் முழங்கையில் ஒரு தட்டு. அடுத்ததற்கு ஒரு தட்டு.
பதினான்கும் முடிந்து கல்லாறு வந்ததும்
"பாக்குத்தோப்பு" என்பார்.
அந்தச் சொல்லுக்கு அடங்கும் என் வயிறு.

தனியாக இறங்கினேன், மே மாதக் கூட்டத்தில்.
எலுமிச்சை மறந்துபோயிற்று.
ஜன்னலோரமும் கிடைக்கவில்லை.
மலர்க்காட்சிக்கு வந்த கார்கள் ஒவ்வொரு வளைவிலும்
மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.
ஏழாவது வளைவில்தான் கவனித்தேன்,
வயிறு புரளவேயில்லை.

கோபம் வந்தது.
யாரைக் கேட்டுக் குணமானாய் நீ?
இருபத்துநான்கு வருஷம்
ஒரு மனிதனுக்கு வேலை கொடுத்த குமட்டல்
அவர் போனதும் போய்விடலாமா?
பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.
நான் சத்தமாகக் கேட்டிருப்பேன் போல.

கோயம்புத்தூரில் ஒரு பையன்
ஈரத்துணியால் என் விரல்களைத் துடைத்துத் துடைத்து
கடைசியில் இடது சுண்டுவிரலை வைக்கச் சொன்னான்.
கொழுந்து தொடாத விரல்,
எதற்கென்று இருக்கிறதோ என்று நான் நினைத்த விரல்.
பச்சை விளக்கு எரிந்தது.
"இருக்கீங்கம்மா" என்றான்.
"அடுத்த வருஷமும் வந்து காட்டணும்."

திரும்பும்போது பர்லியாரில் பஸ் நின்றது.
இந்த இடத்தை நான் கண்ணை மூடியே கடந்திருக்கிறேன்.
அவர் மட்டும் இறங்கி,
திருடனைப்போல் எதையோ தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு ஏறுவார்.
இன்று நான் இறங்கினேன்.
பழக்கடைக்காரர் மங்குஸ்தானை உள்ளங்கையில் அழுத்திப் பிளந்தார்.
கறுத்த ஓட்டுக்குள்
பூண்டுப் பல்லைப்போல் வெள்ளை வெள்ளையாய்ச் சுளை.

இவ்வளவு இனிப்பு என்று
அந்த ஆள் ஒருநாளும் சொன்னதில்லை.
சொன்னால் எனக்கு ஆசை வரும்,
தின்றால் தாங்காது என்று விட்டிருப்பார்.
பஸ் நிலையத்துச் சுவரைப் பார்த்து நின்று
ஒரு கிலோ தின்றேன்.
டிசம்பரில் வராத அழுகை
அப்போது வந்தது, சுளையும் கண்ணீருமாய் ஒரே வாயில்.

பதினோராவது வளைவில்
எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.
கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.
முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள்
திரும்பி ஓர் எலுமிச்சையை நீட்டினாள்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வாங்கிக்கொண்டேன்.

மூடுபனி உள்ளே வர ஜன்னலைத் திறந்துவைத்து
மீதி மூன்று வளைவையும்
என் முழங்கையில் நானே தட்டினேன்,
சுண்டுவிரலால்.